அரசர் பெயர் தெரியுமா?

"முதல் உலகப்போர் நடந்த ஆண்டு எது? நாட்டை ஆளும் அரசர் யார்?" – நினைவு தடுமாறும் முதியவரிடம் பிரிட்டிஷ் மருத்துவர்கள் கேட்பதற்கென 1972-இல் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகளிலே இவையும் உண்டு. 1975-இல் அமெரிக்காவில் வந்த தேர்வோ, 'வேர்ல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து எழுத்துக்கூட்டச் சொல்கிறது!

பஞ்சாபின் சிற்றூரிலே பிறந்து, பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத மூதாட்டி என்ன விடை கூறுவார்? விழிப்பார். விழித்தால் மதிப்பெண் குறையும். இல்லாத நோயை இருப்பதாக எழுதிவிடலாம். அல்லது, "படிக்காதவர், அப்படித்தான் இருப்பார்" என்று, நோய் இருந்தும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சோதிக்கப்பட்டது நினைவாற்றலா, ஆங்கிலப் பள்ளிக்கூடமா?

இவர்கள் அழையா விருந்தாளிகள் அல்லர். போருக்குப் பின் ஆள் பஞ்சத்தால் அல்லாடிய பிரிட்டன், பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளின் இரவு வேலைக்கும், மேற்கு மிட்லண்ட்ஸ் வார்ப்படச் சாலைகளுக்கும் பாகிஸ்தானியரையும் பஞ்சாபியரையும் சேர்த்துக்கொண்டது. 1956-இல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் எடுத்தது. தறிமுன் நிறுத்தியபோது உலகப்போரின் ஆண்டைக் கேட்டார்களா? உலைமுன் நிறுத்தியபோது எழுத்துக்கூட்டச் சொன்னார்களா? கையைப் பார்த்தார்கள், தோளைப் பார்த்தார்கள், போதும் என்றார்கள்!

அந்தத் தலைமுறைதான் இன்று தள்ளாடுகிறது. சிறுபான்மை இனத்தவரில் மறதி நோயாளிகள் ஏறத்தாழ 25,000 பேர், 2051-இல் அது 1,72,000-ஐத் தாண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற அனைத்துக் கட்சிக் குழு 2013-இலேயே கணித்தது.

தடுக்க வழியில்லையா? 14 காரணங்களைக் களைந்தால் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் மருத்துவக் குழு கூறியது. தொழிலாளத் தோழர்கள் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு – தெற்காசியரைக் கூடுதலாகவே வாட்டுவது. காது மந்தம் – தறியின் இரைச்சலிலே ஆண்டுக்கணக்கில் நின்றவன் காது என்னவாகும்? கல்விக் குறைவு – அவனுக்குக் கல்வியைக் கொடாதவர் யார்? காற்று மாசு, தனிமை... மருத்துவப் பட்டியலா இது? பாதிக்கு மேல் கூலிக்காரனின் வாழ்க்கை வரலாறு!

"அவர்கள் வீட்டு முதியோரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்றொரு புகழுரை உண்டு. செலவில்லாத புகழுரை! பாரம் முழுவதும் மகளின் தலையிலே, மருமகளின் தலையிலே. வீட்டாரிடமும் குறை இல்லாமலில்லை. ஜின் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று மூடிமறைப்போரைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் நோயென்று சொல்ல வழக்கிலே ஒரு சொல் இல்லாதபோது என்ன செய்வார்கள்? லண்டனில் வாழும் யாழ்ப்பாணத் தமிழரின் பேச்சிலும் 'அறளை பெயர்ந்தது' என்ற ஏச்சுத்தானே இருந்தது!

ஆஸ்திரேலியர் ஒரு வழி கண்டனர். சிட்னியின் பன்மொழிப் புறநகர் மக்களை மனத்தில் வைத்து உருவான 'ருடாஸ்' தேர்வு 2004-இல் வெளியாயிற்று. மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்து, தாய்மொழியிலேயே நடத்துவது. நினைவில் வைக்கச் சொல்வது தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. மளிகைக் கடைக்குப் போன எவரும் அறிந்தவை!

நோய் முற்ற முற்ற, பின்னாளில் கற்ற ஆங்கிலம் பலருக்கு முதலில் உதிர்கிறது, தாய்மொழியே எஞ்சுகிறது. முதியோர் இல்லத்தில் அந்த மொழி தெரிந்த ஒருவரையாவது பிரிட்டன் அமர்த்தட்டும். இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியைக் குருத்துவாராவுக்கும் மசூதிக்கும் கொண்டு செல்லட்டும். மொழிபெயர்ப்பாளருக்கு முறையான கூலி கொடுத்து அழைக்கட்டும். பாட்டியின் நோயைப் பள்ளிக்குப் போகும் பேரன் வாயால் சொல்லச் சொல்வதை நிறுத்தட்டும்.