கல்லைப் பார்த்துப் பசளை போடுவோம்



புதுக்கடை என்றதும் நீதிமன்றங்கள்தான் நினைவுக்கு வரும். நான் பணியாற்றும் இவ்விடத்தில் உள்ள உயர் நீதிமன்றம், 2000 ஜூன் 2 ஆம் திகதி ஒரு கல்லைப் பற்றித் தீர்ப்பு வழங்கியது.

அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971 இல் கண்டறியப்பட்ட பொஸ்பேற் கல்லை, அமெரிக்க நிறுவனமொன்றின் பங்குடன் பெருமளவில் அகழ அரசு திட்டமிட்டது. வீடும் வயலும் பறிபோகும் என்று அவ்வூரவர் எழுவர் வழக்குத் தொடுத்தனர். முழுமையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இன்றி உடன்படிக்கை செய்யக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது.

கல்லுக்கு ஏன் இத்தனை போட்டி? பயிருக்குத் தேவையான பொஸ்பரஸ் அதில் இருப்பதால்தான். ஆனால் அந்தக் கல்தூள் எல்லா மண்ணிலும் பயன் தராது.

கல் உக்கியே மண் உண்டாகிறது. மலையகத்தின் கடும் பாறை உக்கிய மண்ணில் இருந்த கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பெருமழை கழுவிச் சென்றுவிட்டது. மண் புளித்து, அமிலத் தன்மை பெற்றுவிட்டது. அந்தப் புளிப்பு எப்பாவலைத் தூளை மெல்ல மெல்லக் கரைக்கும். தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு அது போதும்.

யாழ்ப்பாணத்தின் செம்மண்ணுக்கு அடியில் இருப்பதோ சுண்ணாம்புக் கல். அங்கே கல்சியம் தாராளம், மண் காரத் தன்மையானது. அம்மண்ணில் இத்தூள் கரையாமல் அப்படியே கிடக்கும். மண்ணில் இரும்பும் நாகமும் இருந்தாலும் வேரால் அவற்றை எளிதில் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புக் குறைவே காரணம். அதற்கு யூரியா போடுவது வீண் செலவு.

நான் படித்தது சமூகவியல். ஆயினும் குடும்பச் செலவுக் கணக்கைப் பார்க்கும்போது மண்ணைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை நீங்கிய பின்பும் பசளை விலை ஏழை விவசாயிக்கு எட்டவில்லை. கடன்பட்டும் நகையை அடகு வைத்தும் பசளை வாங்கும் பெண்களும் உண்டு.

ஆகவே சகோதரிகளே, ஊரில் தோட்டம் செய்யும் உங்கள் அக்கா தங்கைமாருக்குச் சொல்லுங்கள்: அயல் மாவட்டத்தில் பலன் தந்த பசளை என்று வாங்கிவிடாதீர்கள். முதலில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு மண்ணைப் பரிசோதியுங்கள். எந்த மண்ணுக்கும் ஏற்ற கூட்டெருவை வீட்டிலேயே செய்யுங்கள். மண் கேட்பதை மட்டும் கடையில் வாங்குங்கள்.