காதுக்கு எழுதியவர்

தமிழ் நாவலின் வரலாற்றைப் படிக்கிற மாணவர்களுக்கு 'சிட்டி – சிவபாதசுந்தரம்' என்ற இரட்டைப் பெயர் தெரியும். 1977இல் வந்த 'தமிழ் நாவல்' நூலின் ஆசிரியர்கள். அந்த இரண்டாமவர் வானொலிக்காரர் என்பது திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நம் இதழைத் தேடி வரும் இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. கைப்பேசியில் கதை சொல்லிப் பதிவேற்றும் பிள்ளைகள் அவர்கள். அவரை அவசியம் அறிய வேண்டியவர்களும் அவர்களே.

சோ. சிவபாதசுந்தரம் 1912இல் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தவர். 'ஈழகேசரி' இதழின் ஆசிரியராக இருந்தார். பிறகு கொழும்பு வானொலி. 1940களின் பிற்பகுதியில் லண்டன் பிபிசி. 1941இல் தொடங்கிய அதன் தமிழ் ஒலிபரப்பு 'செய்திமடல்' என்றே வந்துகொண்டிருந்தது. 'தமிழோசை' என்று பெயரிட்டவர் இவர்தான். மீண்டும் கொழும்பு, பின்னர் சென்னை. 2000இல் காலமானார்.

ஊர் ஊராகப் போனதுதான் அவருடைய காதைத் தீட்டியது என்று நினைக்கிறோம். யாழ்ப்பாணப் பேச்சில் வளர்ந்தவர், கொழும்புக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் ஒருசேரப் புரியும்படி லண்டனில் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. தன் சொல் அடுத்த ஊர்க்காரர் காதில் எப்படி விழும் என்ற கவலை, பிறந்த ஊரிலேயே இருப்பவருக்கு எளிதில் வருவதில்லை. அந்தக் கவலையோடு உழைத்தவர் 1954இல் தந்த நூல் 'ஒலிபரப்புக் கலை'.

ஒலிக்கு எழுதுவது ஏன் தனிக் கலை? அச்சில் படிப்பவர் புரியாவிட்டால் மேல்வரிக்குத் திரும்பிப் போகலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. தீபத் திருவிழாவுக்கு நம் ஊரில் வாசிக்கப்படும் அறிவிப்பையே பாருங்கள்: "வேலூர் மார்க்கமாக வரும் பேருந்துகள் நிறுத்தப்படும் தற்காலிகப் பேருந்து நிலையத்திலிருந்து கிரிவலப் பாதைக்குச் செல்ல விரும்பும் பக்தர்களின் வசதிக்காக" என்று நீண்டு, வினைமுற்று வருவதற்குள் கேட்பவர் நகர்ந்துவிடுகிறார். "வேலூரிலிருந்து வந்தவர்களா? பேருந்தை விட்டு இறங்கியதும் இடப்பக்கம் நடங்கள்" என்றால் ஆள் நின்று கேட்பார். தமிழில் வினை கடைசியில் வருவதால், ஒலிக்கு எழுதுகிறவர் வாக்கியத்தைச் சீக்கிரம் முடித்தே ஆக வேண்டும்.

சிவபாதசுந்தரம் பயண நூல்களும் எழுதினார். அவற்றில் 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்' நமக்கு நெருக்கமானது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவை பிறந்த இடமென்று மரபு சொல்லும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவருக்குச் சிறு கோயில் இருக்கிறது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வரும்போது, எழுத்தே அறியாத பாட்டிமாரும் வாசல் தெளித்தபடி கூடவே சொல்கிறார்கள். காதை நம்பிய மரபு நமக்குப் பழையது. உரைநடையில்தான் அதை மறந்தோம், சிவபாதசுந்தரம் மறக்கவில்லை.

சிற்றலையில் தமிழோசை 2017 ஏப்ரலோடு நின்றது. ஆனால் பேசுகிறவர்கள் இன்று முன்னெப்போதையும்விட அதிகம். அவர்களில் பெரும்பாலோர் அச்சுக்கு எழுதியதை அப்படியே வாசிக்கிறார்கள் என்பதுதான் நம் வருத்தம். 'ஒலிபரப்புக் கலை' ஊடகம் படிக்கும் ஒவ்வொரு மாணவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழிசெய்யும்படி பதிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த இதழிலிருந்து, ஒலிக்கென்றே எழுதப்பட்ட ஆக்கங்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குகிறோம். அனுப்புமுன் வீட்டில் ஒருவரை உட்காரவைத்து உரக்கப் படித்துக்காட்டுங்கள். அவர் "என்ன சொன்னே?" என்று கேட்கும் இடத்தைத் திருத்தி எழுதி அனுப்புங்கள்.