வேலைக்குப் போகும் வழியும் வேலைத்தலமே

நம் நாட்டுச் சாலைகளில் 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும், ஆண்டொன்றுக்கு 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பால் வெட்டுவோரும் செம்பனைக் குலை அறுப்போரும் வேலைக்குச் செல்லும் வாகனம் அதுவே. ஆகவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

முன்னாளில் லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கு நடந்தே போனோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் உடைக்கப்பட்டபின், பலர் தாமான்களிலும் அடுக்கு வீடுகளிலும் குடியேறினர். வேலை தோட்டத்தில், வீடு வெளியில். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். எனவே விடியுமுன்னே மெயின் ரோட்டில் ஏறியாக வேண்டும்.

ஒருவர் அடிபட்டுவிட்டால், வீட்டில் "விதி" என்கிறார்கள். வெளியில் "வேகமாய்ப் போயிருப்பான்" என்கிறார்கள். இவ்விரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இதை நாம் ஏற்பதற்கில்லை. 1970ஆம் ஆண்டுகளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை போட்டார்கள். 1973இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1992இல் பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டுமென்று விதிக்கப்பட்டது. இவை உயிர்களைக் காத்தன. மனிதர் செய்யும் ஏற்பாட்டால் குறையக்கூடிய சாவை விதியென்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டைச் சேரும் இடத்தைப் பாருங்கள். விளக்கில்லை. புதர் மறைக்கிறது. குலை ஏற்றிய லாரிகள் இழுத்து வந்த செம்மண், மழை பெய்தால் வழுக்குகிறது. கேட்டால், உள்ளே இருப்பது தனியார் நிலம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். வெளியே இருப்பது அரசாங்கச் சாலை என்று நிர்வாகம் சொல்லும். இருவரும் கைகழுவிய இடத்தில் விழுகிறவன் தொழிலாளி.

சட்டம் என்ன சொல்கிறது? 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, தம் பொறுப்பிலுள்ள வேலைத்தலத்துக்குள் வரும் வழியையும் வெளியேறும் வழியையும் ஆபத்தின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டமோ, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை வேலை விபத்தாகவே கருதுகிறது. 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. நஷ்டஈடு கொடுக்கும்போது வழியும் வேலைத்தலமானால், விபத்தைத் தடுக்கும்போது ஏன் ஆகாது?

எனவே நிர்வாகங்களிடம் நாம் கோருவது இதுதான். தோட்ட வாசலில் விளக்குப் போடுங்கள்; புதரை வெட்டுங்கள்; சாலையில் படிந்த மண்ணை அன்றன்றே அகற்றுங்கள். டிராக்டர் பெட்டியில் உரமூட்டையோடு ஆட்களை ஏற்றாதீர்கள். சில நிமிடம் பிந்தி வந்தவரை வேலையில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்; ஒருநாள் கூலி போய்விடுமே என்ற அச்சம்தான் இருட்டில் வேகத்தைக் கூட்டுகிறது.

தோழர்களுக்கும் ஒரு சொல். தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்குச் சுமார் 40 பங்கும், தலைக்காயத்தை நூற்றுக்குச் சுமார் 70 பங்கும் குறைப்பதாக உலக ஆய்வுகள் காட்டுகின்றன. வார் பூட்டாத கவசம் விழும்போதே கழன்று ஓடிவிடும். பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பிள்ளைக்கும் அதன் அளவில் ஒன்று வாங்குங்கள். பின்விளக்கு அணைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். ஒரு வண்டியில் மூவர் ஏறாதீர்கள்.

விபத்து நேர்ந்தால் போலீஸ் புகாரும் மருத்துவச் சான்றும் எடுத்து வையுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்ததா என்று விசாரியுங்கள். அதைவிட முக்கியமாக, விபத்துக்கு முன்பே பேசுங்கள். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் வாசலை இருட்டு வேளையில் ஒருமுறை போய்ப் பார்த்து, குறைகளை எழுதி, நிர்வாகத்திடம் கொடுத்து, நகலைச் சங்கத்துக்கு அனுப்பட்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடு சேர்த்து இதையும் மேசைமேல் வைப்போம். கூலி வாங்கப் போனவர் உயிரோடு வீடு திரும்புவதும் நம் உரிமைதான்.