மொழி தெரியாத பிள்ளையா, காது கேளாத பிள்ளையா?

நம் பகுதியில் ஒரு பிள்ளை பள்ளியில் பின்தங்கினால் அதற்கு ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கிறது: "மதராசிப் பிள்ளை, மராத்தி புரியவில்லை." ஆசிரியர் அப்படிச் சொல்கிறார், பெற்றோர் நாமும் நம்பிவிடுகிறோம். பிழைக்க வந்த ஊரில் மொழி தெரியாமல் விழிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் பழக்கத்தின் மறைவில் நம் பிள்ளைகள் சிலரின் காதுக் குறை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கிறது.

தாராவியில் நமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகனுக்கு இதுதான் நேர்ந்தது. கேட்டால் பதில் சொல்ல மாட்டான். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நாங்கள் பள்ளிக்குப் போய் விசாரித்தபோது, "மொழி வரவில்லை, கவனமும் இல்லை" என்றார்கள். சங்கம் என்ன செய்தது? மாலை வகுப்பில் அவனுக்கு மராத்தி சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. கடைசியில் அவனுடைய பாட்டிதான் எங்கள் கண்ணைத் திறந்தார்: "தம்பி, பின்னால நின்னு தமிழ்ல கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டேங்கான்." ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் குறை. பள்ளியைக் குற்றம் சொல்லுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். மொழிக்காகப் போராடிப் பழகிய நமக்கு எல்லாமே மொழிப் பிரச்சினையாகத் தெரிந்துவிட்டது.

ஆகவே தோழர்களே, முதலில் காதைப் பாருங்கள். பின்னாலிருந்து தாய்மொழியில் மெல்லக் கூப்பிட்டுத் திரும்பாத பிள்ளை, எப்போதும் நம் வாயையே பார்க்கிற பிள்ளை, டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிற பிள்ளை, இரண்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை, இவர்களை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். சீழ் வடியும் காது பலருக்குச் சரியான வைத்தியத்தில் தேறக்கூடியது. அலட்சியம் செய்தால் செவித்திறனையே தின்றுவிடும். சயான் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பாந்த்ரா ரெக்ளமேஷனில் 1983-இல் மத்திய அரசு தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டும் தாராவியிலிருந்து தூரமில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். காதில் கருவி மாட்டிவிட்டால் பிள்ளைக்கு எல்லாம் கேட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கருவி ஆசிரியரின் குரலைக் கூட்டும்போது மின்விசிறி இரைச்சலையும், பக்கத்து வகுப்புக் கூச்சலையும், தகரக் கூரையில் விழும் மழையையும் சேர்த்தே கூட்டுகிறது. தள்ளி உட்காரும்போது ஆசிரியரின் குரல் தேய்கிறது, இரைச்சல் தேய்வதில்லை. உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான் என்பதும் தப்பு. குரலை விட்டு "பாடு", "மாடு" என்று கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றாகவே அசையும். வீட்டில் தமிழ் உதடு, பள்ளியில் மராத்தி உதடு, தெருவில் இந்தி உதடு என்றால் அந்தப் பிள்ளை எதைப் படிப்பான்?

ஆசிரியர்களிடம் நாம் கேட்பது பணம் பிடிக்கும் காரியமல்ல. பிள்ளையை முன் பெஞ்சில், ஜன்னல் இரைச்சலுக்குத் தள்ளி உட்கார வையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். கத்தாதீர்கள்; கத்தினால் உதட்டின் வடிவம் கெடும். பாடத்தின் முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதுங்கள். பின்னால் ஒரு மாணவன் சொன்ன விடையை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "என்ன புரிந்தது, சொல்" என்று கேளுங்கள். இதற்கெல்லாம் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

சான்றிதழ் தேவைப்படும் இடமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறையுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம். 17-ஆம் பிரிவு, இவர்களுக்குப் புத்தகமும் கருவியும் 18 வயது வரை இலவசம் என்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் அதே பிரிவில் இடமிருக்கிறது. மூன்று மொழிகளுக்கு நடுவே திணறும் நம் பிள்ளைக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விடுதலை! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நாமும் மாற வேண்டும். பெண் பிள்ளையென்றால் "நாளைக்கு யார் கட்டுவான்?" என்று கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். சைகையால் பேசினால் அவமானம் என்று கையைத் தட்டிவிடுகிறோம். இந்திய சைகை மொழி ஒரு முழுமையான மொழி. அதை வளர்க்க 2015-இல் டெல்லியில் மத்திய அரசு தனி நிறுவனமே அமைத்தது. காதால் மொழியைப் பெற முடியாத பிள்ளைக்குக் கண்ணால் பெறும் மொழியையும் மறுத்தால் அவனுக்கு மொழியே இல்லாமல் போகும்.

சங்கத்தின் கோரிக்கைகள் இவை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் நடக்க வேண்டிய ஆண்டுப் பரிசோதனையில் காதுச் சோதனை பெயருக்கு நடக்காமல் ஒழுங்காக நடக்க வேண்டும். மொழி வராத பிள்ளை என்று எழுதுமுன் காதைச் சோதிக்க வேண்டும். கருவி கொடுத்ததோடு கைகழுவாமல் பேட்டரிக்கும், பிள்ளை வளர வளர மாற்ற வேண்டிய காது அச்சுக்கும் வழி செய்ய வேண்டும்.

நாங்கள் சொன்ன அந்தப் பையன் இப்போது முன் பெஞ்சில் உட்காருகிறான். இழந்த இரண்டு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. உங்கள் சந்தில் இப்படி வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் நாங்கள் கூடவே வருகிறோம்.