சேப்பாக்கத்தில் சத்தம் உச்சம் தொட்டது எப்போது? திண்டுக்கல் ரசிகர்களுக்கு அதில் என்ன இருக்கு?

2025 ஜூலை 6. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் இருக்கும் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். இறுதிப்போட்டி. சொந்த மாவட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸ், எதிரே திருப்பூர் தமிழன்ஸ். திருப்பூர் 220 ரன் குவிக்க, டிராகன்ஸ் 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

இதே டிராகன்ஸ் 2024 ஆகஸ்ட் 4 அன்று அஸ்வின் தலைமையில் தன் முதல் கோப்பையைத் தூக்கியது சென்னை சேப்பாக்கத்தில். ஜெயித்தது வெளியூரில், தோற்றது உள்ளூரில். ஆனால் திண்டுக்கல்லில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஒருத்தரிடம் சேப்பாக்கத்தை ‘வெளியூர் கிரவுண்டு’னு சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கும்வரை பெரிய மேட்ச் என்றால் சேப்பாக்கம்தான். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது எழும்பூர். போக முடியாதவர்களுக்கு ரேடியோ, தூர்தர்ஷன்.

அந்த மைதானத்துக்கு இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பார்த்தது அங்கேதான், 1952-ல். பழைய ரசிகர்கள் கூடினால் ஒரு வாக்குவாதம் நிச்சயம்: எந்த நாள் சத்தம் பெருசு?

சத்தத்தை எப்படி அளக்கிறார்கள்?

சத்தத்தின் அளவு டெசிபல். இது சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு கூடுகிறது. ஆனால் நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் கேட்கும். அப்படின்னா, ஒரே மாதிரி கத்தும் 4,000 பேருக்கும் 40,000 பேருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 10 டெசிபல். கூட்டம் பத்து மடங்கு, காதுக்கு ரெண்டு மடங்கு!

திறந்தவெளி மைதானங்களில் கின்னஸ் சாதனை அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள ஆரோஹெட் ஸ்டேடியத்துக்கு. 2014 செப்டம்பரில் 142.2 டெசிபல். அங்கே சாதனை வைக்கணும் என்றே திட்டமிட்டுக் கத்தினார்கள். சேப்பாக்கத்தின் பழைய நாட்களுக்கு மீட்டர் எதுவும் கிடையாது, அதனால் வாக்குவாதமும் தீராது.

போட்டியில் இருக்கும் நாட்கள்

வயதானவர்கள் 1986-ல் ஆரம்பிப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். சென்னை வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன மேட்ச். 348 ரன் இலக்கு. ஸ்கோர் 347-ல் சமமாக நிற்க, ஒரு பந்து மீதமிருக்கும்போது மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. மேட்ச் டை. டெஸ்ட் வரலாற்றில் இன்றுவரை டை ஆனது இரண்டே ஆட்டங்கள். ஒன்று 1960-ல் பிரிஸ்பேன், இன்னொன்று இது.

அடுத்த தலைமுறைக்கு 2001. அதே ஆஸ்திரேலியா. ஹர்பஜன் சிங் மேட்சில் 15 விக்கெட் எடுத்தார். கடைசியில் மெக்ராத் பந்தில் வெற்றி ரன்னையும் அவரே அடித்தார். 2 விக்கெட் வித்தியாசம், தொடர் 2-1. அப்புறம் 2008 டிசம்பர். மும்பைத் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாடு திரும்பியிருந்த இங்கிலாந்து அணி மறுபடி வந்து ஆடிய டெஸ்ட். 387 ரன் இலக்கை எட்டிய அந்த பவுண்டரியிலேயே சச்சினின் சதமும் முடிந்தது.

இளசுகளிடம் கேட்டால் ஒரே பதில்: தோனி. 2024 ஏப்ரல் 8, கொல்கத்தாவுக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டம். தேவை வெறும் 3 ரன். அதற்கு தோனி இறங்கி வந்தபோது எழுந்த சத்தத்தில் ஆந்த்ரே ரஸல் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு நின்றார். மீட்டர் வைத்தால் இந்த நாள் ஜெயிக்கக்கூடும். மைக், டி.ஜே., விசில் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

ஆனால் சேப்பாக்கம் என்ற பெயரை உலகம் மரியாதையோடு சொல்வதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை.

1999 ஜனவரி 31: நடந்தது என்ன?

அன்று ஞாயிற்றுக்கிழமை. 12 வருஷத்துக்குப் பிறகு டெஸ்ட் தொடர் ஆட இந்தியா வந்திருந்தது பாகிஸ்தான். அந்த அணி வரக்கூடாது என்று டெல்லி கோட்லா மைதானத்தின் பிட்சையே தோண்டிப்போட்டிருந்தார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. என்ன நடக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

271 ரன் இலக்கு. 82 ரன்னில் 5 விக்கெட் காலி. அதிலிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் சேர்த்தார்கள். முதுகு வலி வாட்டியது. சச்சின் வலியோடுதான் அடித்தார். 136 ரன்னில் அவர் அவுட் ஆனபோது ஸ்கோர் 254. இன்னும் 17 ரன், கையில் 3 விக்கெட். சாதாரணமாக எட்டக்கூடிய தூரம்தான். அடுத்த 4 ரன்னில் மூன்று விக்கெட்டும் விழுந்தன. 258 ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

முதலில் மைதானம் அப்படியே உறைந்து போனது. பிறகு ஒரு ஸ்டாண்டு எழுந்து கைதட்ட, அடுத்தது எழுந்தது, அப்படியே மைதானம் முழுக்க. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். மூன்றே வாரத்தில் கொல்கத்தாவில், சச்சின் ரன் அவுட் தகராறில் கூட்டத்தை வெளியேற்றிவிட்டு, காலி ஸ்டாண்டுகளுக்கு முன்னால் டெஸ்டை முடிக்க வேண்டி வந்தது. இதை வைத்துப் பார்த்தால்தான் சென்னையில் நடந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

கைதட்டல், கூச்சல் அளவுக்கு மீட்டரில் ஏறாது. ஆனாலும் அன்று உள்ளே இருந்தவர்களும், டி.வி. முன்னால் அழுதுகொண்டிருந்தவர்களும் இன்றைக்கும் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான்.

அந்தக் கூட்டம் இப்போதும் இருக்கா?

கொஞ்சம் கவலைப்பட வேண்டிய கேள்வி. தூண் மறைக்கும் பழைய கான்கிரீட் ஸ்டாண்டுகளில் அஞ்சு நாள் உட்கார்ந்து, ஸ்பின்னர் ஃபீல்டு மாற்றுவதைக்கூடக் கவனித்துப் பழகியவர்கள்தான் 1999-ன் கூட்டம். 2011 உலகக்கோப்பைக்காக மைதானம் மாற்றிக் கட்டப்பட்டது. கடல் காற்று உள்ளே வரும்படி வெள்ளைக் கூரை, தூண் தொல்லை இல்லை. பார்க்க அழகுதான். ஆனால் ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகள் கட்டட அனுமதிப் பிரச்னையில் பல வருஷம் பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள். அதைத் திறக்க முடியாததால்தான் 2019 ஐ.பி.எல். இறுதிப்போட்டி சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது. இப்போது அவை திறந்தாச்சு. ஆனால் உள்ளே நிறைவது பெரும்பாலும் ஒரே நிறச் சட்டை.

இருந்தாலும் பழைய குணம் முழுசா போகலை. 2023 அக்டோபர் 23, உலகக்கோப்பையில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானைத் தோற்கடித்ததும் இதே சேப்பாக்கம்தான். ஆப்கன் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் நின்று ஆர்ப்பரித்தது. ஆனால் கவனிக்கணும்: ஜெயித்த சின்ன அணிக்குக் கைதட்டுவது சுலபம். நம்மைத் தோற்கடித்தவருக்குத் தட்டுவது வேற விஷயம்.

நத்தத்தில் நடந்த ‘சின்ன 1999’

இங்கேதான் திண்டுக்கல் கதைக்குள் வருகிறது. 2019 டிசம்பரில் நத்தத்தில் தமிழ்நாடு–கர்நாடகா ரஞ்சி ஆட்டம். தமிழ்நாட்டுக்கு 181 ரன் இலக்கு. கர்நாடகாவின் கிருஷ்ணப்பா கௌதம் 60 ரன் கொடுத்து 8 விக்கெட், மேட்சில் மொத்தம் 14. கடைசி நாள், கடைசி நேரம்வரை இழுத்து, 154-க்கு ஆல் அவுட். 26 ரன்னில் தோல்வி. டி.என்.பி.எல். ராத்திரிகளின் கூட்டமும் வெளிச்சமும் இல்லாத ஆட்டம், ஆனால் நாலு நாளும் பார்த்தவருக்கு ஸ்பின் பந்துவீச்சு என்றால் என்ன என்று பாடமே நடந்திருக்கும்.

மேலே சொன்ன டெசிபல் கணக்குப்படி, சில ஆயிரம் பேர் நிறைந்தாலே நத்தம் சேப்பாக்கத்தில் பாதியளவு காதுக்கு அதிரும். சத்தத்துக்குக் குறை வராது. குறைவது நாட்கள்தான். டி.என்.பி.எல். வருஷத்துக்கு ஒரு முறை வரும், ஒவ்வொரு ஆட்டமும் மூன்றரை மணி நேரத்தில் முடியும். எனவே ரஞ்சி அட்டவணை வெளியாகும்போது திண்டுக்கல் ரசிகர்கள் தேட வேண்டியது ஒன்றுதான்: நத்தத்துக்கு எத்தனை நாலு நாள் ஆட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள்?