கோடு போட்டது கம்பெனி, கடன் கொடுத்தது சித்தப்பா

"ஏரியா கம்பெனியோடது. எப்ப வேணும்னாலும் பிரிப்பாங்க. இதுல அழறதுக்கு என்னய்யா இருக்கு?" என்று போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு நண்பர் கேட்டார். டீ ஆறிப்போற அளவுக்கு அவரோட சண்டை போட்டேன். அங்கே சொல்ல விட்டுப்போனதை எல்லாம் இங்கே கொட்டிடறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

கவரைப்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பாவுக்குத் தொழில், வேனில் டூல்ஸ் விற்பது. ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன் எல்லாம் ஒரு பழைய ஆம்னி வேனில் அடுக்கியிருக்கும். செங்குன்றத்தில் ஆரம்பித்து காரனோடை, தச்சூர் கூட்டு ரோடு, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று ஜி.என்.டி. ரோட்டில் ஆந்திரா எல்லை வரைக்கும் அவர் லைன். லாரி பட்டறை, டூவீலர் மெக்கானிக், பஞ்சர் கடை, சிப்காட்டில் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட் எடுக்கிறவர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஒரு கம்பெனிக்கு டீலர். பெயர் வேண்டாம், இன்னும் அவர்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

'கடைக்குப் போய் வாங்கிக்க மாட்டாங்களா?' என்று கேட்பவர்கள் பட்டறையில் ஒருநாள் நின்று பார்க்கணும். லாரியை அக்கு அக்காகப் பிரித்துப் போட்ட மெக்கானிக், ஒரு சாக்கெட்டுக்காகப் பாரிமுனை வரைக்கும் போக முடியாது. போனால் ஒருநாள் கூலி போச்சு. அதைவிடப் பெரிய விஷயம் கடன். நாலாயிரம் ரூபாய் செட்டை மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்குகிறவர் அபூர்வம். வாரம் ஐந்நூறு என்று எட்டு வாரம் கொடுப்பார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் முதல் வேலையாக வசூல். நடுவில் ஸ்பேனர் உடைந்தால் சித்தப்பா வாங்கிக்கொண்டு வேறு கொடுத்துவிடுவார், பிறகு கம்பெனியில் மாற்றிக்கொள்வார். இதற்கெல்லாம் அவரிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கம்பெனி சித்தப்பாவின் லைனை இரண்டாகப் பிரித்தது. எல்லை கவரைப்பேட்டை. தெற்கே செங்குன்றம் வரைக்கும் சித்தப்பாவுக்கு. வடக்கே கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் எல்லாம் புது டீலருக்கு. மேப்பில் பார்த்தால் தூரம் ஏறக்குறைய பாதிப் பாதி. கடைகளின் எண்ணிக்கையும் பாதிப் பாதி. நியாயம்தானே?

நியாயமே இல்லை. செங்குன்றத்துக்காரன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாரிமுனை. மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடுவான், வேனை எதிர்பார்க்க மாட்டான். வேனுக்கு மதிப்பே டவுன் தூரமான இடத்தில்தான். கும்மிடிப்பூண்டியில்தான் சித்தப்பா வருஷக்கணக்கில் அலைந்து, முதல் ஆறு மாதம் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட வாங்காத பட்டறைகளில் டீ வாங்கிக் கொடுத்து ஆள் பிடித்தார். தூரத்தைச் சமமாகப் பிரித்தார்கள். பிழைப்பை அல்ல.

அடுத்தது நிலுவை. பிரித்த அன்றைக்கு வடக்குப் பக்கம் சித்தப்பாவுக்கு வரவேண்டிய பாக்கி ஒன்றே முக்கால் லட்சம். கம்பெனிக்கு அதில் ஒரு பைசா சம்பந்தம் கிடையாது, அவர்கள் சரக்குக்குப் பணத்தை முன்னாடியே வாங்கியாச்சு. கடன் கொடுத்தது முழுக்க சித்தப்பா கைப்பணம். ஆனால் அந்தப் பக்கம் வேனை எடுத்துக்கொண்டு போனால் 'அடுத்தவன் ஏரியாவில் வியாபாரம் பண்றான்' என்று புகார் போகும், டீலர்ஷிப்பே போகும். மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? சனிக்கிழமை சாயங்காலம் வேனை வீட்டிலேயே விட்டுவிட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனில் லோக்கல் டிரெயின் ஏறி, அடுத்த ஸ்டேஷனான கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கையை வீசிக்கொண்டு பட்டறை பட்டறையாக நடந்து வசூல் செய்தார். ஐம்பத்தெட்டு வயதில்.

போன இடத்தில் வரவேற்பு எப்படி? "உங்ககிட்ட வாங்கின ராட்செட் போயிடுச்சுண்ணே. புது ஆளு, 'என்கிட்ட வாங்கலையே'ங்கறான். நீங்களும் மாத்தித் தர மாட்டேங்கறீங்க. அப்புறம் எதுக்குண்ணே பாக்கி கொடுக்கணும்?" மெக்கானிக் கேட்பதும் நியாயம்தான். அவர் கம்பெனியை நம்பிக் கடன் வாங்கவில்லை, சித்தப்பாவை நம்பி வாங்கினார். ஒன்றே முக்கால் லட்சத்தில் வந்தது பாதிக்குக் கொஞ்சம் மேலே. மீதி நோட்டில் தூங்குகிறது.

இதில் உச்சகட்ட காமெடி ஒன்று இருக்கு. கோட்டைத் தாண்டக்கூடாது என்கிற விதி சித்தப்பாவுக்கு மட்டும்தான். அதே கம்பெனியின் அதே சாக்கெட் செட்டை 601201 என்று பின்கோடு போட்டு ஆன்லைனில் ஆர்டர் பண்ணினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும், சில நாளில் சித்தப்பாவின் கொள்முதல் விலைக்கே! கூரியர் பையனுக்கு ஏரியா கிடையாது. மாசாமாசம் டார்கெட் வாங்குகிற டீலருக்கு உண்டு.

நண்பர் சொன்ன வாதங்களுக்கு வருவோம்.

ஒன்று, "பிராண்ட் கம்பெனியோடது, அதனாலதான் விற்குது." ஒத்துக்கறேன். ஆனால் அந்த பிராண்ட் எல்லாக் கடையிலும் கிடைக்குது. எந்த மெக்கானிக் சொன்ன தேதிக்குப் பணம் கொடுப்பான், எவன் பட்டறையை மூடிவிட்டுத் தடாவுக்குப் போய்விடுவான் என்பது பிராண்டுக்குத் தெரியாது. நோட்டுக்குத்தான் தெரியும்.

இரண்டு, "ஒரே ஆள் கையில் பெரிய ஏரியா இருந்தால் சோம்பேறி ஆயிடுவான், வாடிக்கையாளருக்கு நஷ்டம்." இது உண்மையான வாதம். ஏரியாவைப் பட்டா நிலம் மாதிரி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத டீலர்களை நானே பார்த்திருக்கேன். நம்ம போட்டிச் சட்டமும் (2002) இந்தப் பக்கம்தான் கவலைப்படுது. விற்பனைக்கு ஏரியா ஒதுக்கும் ஒப்பந்தம் சந்தையில் போட்டியைக் கெடுத்தால், மூன்றாவது பிரிவின்படி கேள்வி கேட்கலாம். உதிரி பாகங்களும் டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்று 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டதும் இதே சட்டத்தில்தான். நல்ல சட்டம். ஆனால் அது காப்பாற்றுவது போட்டியை. லைனை உருவாக்கின சின்ன டீலரை அல்ல. போட்டி வேணும்னா கோட்டையே எடுத்துடுங்க, இரண்டு வேனும் எங்க வேணா போகட்டும். கோட்டைப் போட்டு ஒருத்தனை வெளியே தள்ளுவதற்குப் பெயர் போட்டியா?

மூன்று, "கையெழுத்துப் போட்டாரே!" போட்டார். ஆங்கிலத்தில் பல பக்கம். 'ஏரியாவை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு' என்ற வரி எங்கேயோ உள்ளே. எனக்கே மூன்று முறை படித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1920-ல் தொடங்கிய ஸ்நாப்-ஆன், பிறகு மேக், மேட்கோ எல்லாம் இதே மாதிரி வேனில் பட்டறை பட்டறையாக வாரா வாரம் போய்த் தவணைக்கு விற்கிறவர்கள்தான். ஸ்நாப்-ஆன் ஒப்பந்தத்தில் மேப்பைவிட முக்கியம், எந்தெந்தக் கடைக்கு டீலர் போகலாம் என்கிற பட்டியல். பிரத்தியேக ஏரியா கிடையாது என்றால், வேறு டீலர்களும் கம்பெனியின் வேறு விற்பனை வழிகளும் போட்டிக்கு வரலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லணும் என்பது அங்கே மத்திய அரசு விதி. அதுக்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லலை. டீலர்கள் வழக்குப் போட்டு, 2006-ல் ஸ்நாப்-ஆன் சமரசம் செய்துகொண்டது. ஆனால் பணம் போடும் முன்னால் 'உனக்கு இது இல்லை' என்று சொல்லியாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு ஆம்னி வேன்காரர் கோர்ட்டுக்குப் போகணும். போவாரா?

நான் கேட்பது மூன்றே விஷயம். ஏரியா நிரந்தரமா இல்லையா என்பதை முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் போடுங்க. பிரிப்பதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்லுங்க, அதற்குள் நிலுவையை வசூல் பண்ணிக்கட்டும். வசூலாகாததைப் புது டீலர் கணக்கில் ஏற்றுங்க, லைனோடு வாடிக்கையாளரும் அவருக்குத்தானே போகிறார்? உடைந்த ஸ்பேனரை, யார் விற்றிருந்தாலும், அந்த ஏரியா டீலர் மாற்றிக் கொடுக்கணும்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், ஒரு வகையில் நானும் கூட்டாளி. எங்கள் டீம் எழுதுவது இந்த மாதிரி மென்பொருள்தான், வேறொரு கம்பெனிக்கு. கடைகளின் இருப்பிடம், தூரம், போன வருஷ விற்பனை இவற்றைக் கொடுத்தால் ஏரியாக்களைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். அதில் ஒரு பகுதி என் கோட். மூன்று வருஷமாக ஓடுது. டீலருக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று அது ஒருநாளும் கேட்டதில்லை, கேட்க வைக்கணும் என்று எனக்கும் தோன்றியதில்லை. சித்தப்பா அந்த நோட்டை என் முன்னால் விரித்து வைத்த அன்றைக்குத்தான் உறைத்தது.

திங்கட்கிழமை மீட்டிங்கில், பாக்கியையும் ஒரு கணக்காகச் சேர்க்கலாம் என்று கேட்டேன். "க்ளையன்ட் கேட்கலையே" என்றார் மேனேஜர். கேன்டீன் சண்டை அதற்கு மறுநாள் நடந்தது. அடுத்த மீட்டிங்கில் மறுபடியும் கேட்பேன்.

டிஸ்கி: மீதிப் பாக்கியை எழுதித் தள்ளிடுங்க என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "அவனுங்க ஏமாத்தலைடா, கோவத்துல இருக்கானுங்க" என்றார். இந்தச் சனிக்கிழமையும் டிரெயின் ஏறுவார்.