கறுப்புக் காரும் தோள் துண்டும்



சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுது வெளியே வந்தபோது, என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் காத்து நின்றார். இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள நம் வன்னியம்பட்டியில் ஒருவரிடம் கார் ஓட்டுநராக வேலை பார்ப்பவர். முகம் வாடியிருந்தது.

"ஹஜ்ரத், முதலாளி என்னைப் பொய்யன்னு சொல்லிட்டாரு."

நடந்தது இதுதான். முதலாளியின் புதிய கறுப்புக் காரைத் திருமணம் ஒன்றுக்காக அவசரமாகக் கழுவி, தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்திருக்கிறார். மறுநாள் வெயிலில் பார்த்தால், வண்டியின் முகப்பு முழுவதும் சிலந்தி வலை விரித்தாற்போல் வட்ட வட்டமான கீறல்கள். "சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறாய்" என்றார் முதலாளி. "நேராகத்தான் துடைத்தேன்" என்றார் இவர். வட்டம் கண்ணெதிரே தெரியும்போது யார்தான் நம்புவார்? பாலிஷ் செலவைச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னதைவிட, பொய்யன் என்ற சொல்லே அவரை வாட்டியது.

நானோ கலைப் பட்டதாரி. கார் பற்றி எனக்கென்ன தெரியும்? வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறைக்காரர் ஒருவரை அணுகிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இரவில் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்" என்றார்.

இஷாவுக்குப் பின் மூவரும் காரின் அருகே நின்றோம். விளக்கைக் காட்டினேன். ஒளியைச் சுற்றி வட்டங்கள் தெரிந்தன. விளக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். வட்டங்களும் கூடவே நகர்ந்தன! வண்ணத்தில் பதிந்த வட்டமாயின் அது எப்படி நகரும்?

உண்மை இதுதான். வண்ணத்தின் மேல் எல்லாத் திசைகளிலும் நேர்க்கீறல்கள் எண்ணற்றுக் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டுமே பளிச்சிடும். விளக்கைச் சுற்றி அவ்வாறு அமைந்தவற்றையெல்லாம் கண் ஒன்றாகச் சேர்த்து வட்டமாகக் காண்கிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு. ஆனால், வெண்மை தானே ஒளியை எங்கும் சிதறடிப்பதால் அது மறைந்துவிடுகிறது. கறுப்போ விழும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அந்த இருளின்மேல் சிறு கீறலும் வெள்ளிக் கம்பிபோல் மின்னும்.

ஆகவே, பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால், குற்றமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். கீறல்கள் விழுந்தது அந்தத் துண்டால்தான்.

காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடிபோன்ற ஒரு பூச்சு உண்டு. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. மலைப்பக்கமிருந்து ஆடிக் காற்று வாரிக்கொண்டு வரும் மண்ணிலோ, கண்ணாடியையே கீறவல்ல மணற்பரல்கள் உள்ளன. சரியாகக் கழுவாத வண்டியில் துண்டை அழுத்தி இழுத்தால், ஒவ்வொரு பரலும் உளியாகிவிடும். பாலிஷ் போட்டால் கீறல் மறையும் என்பர். மறைவது, பூச்சையே சிறிது தேய்த்து எடுப்பதால்தான். அதை எத்தனை முறை செய்ய முடியும்?

"அப்படியானால் துடைக்காமலே காயவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் அதற்கு இடம்தராது. நீர் ஆவியானபின் சுண்ணாம்பு உப்பு வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கும். வெயில் பட்டால் இறுகி, பூச்சையும் அரித்துவிடும். ஆகவே துடைக்கத்தான் வேண்டும். முறையறிந்து துடைக்க வேண்டும்.

காலை இளவெயிலுக்கு முன், நிழலில், தகடு குளிர்ந்திருக்கையில் கழுவுங்கள். முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை வழியவிடுங்கள், அதன்பின் ஷாம்பு. துணியை அலச வேறு ஒரு வாளி நீர் வையுங்கள். இறுதியில், குழாய் முனையிலுள்ள தெளிப்பானைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து நீரை மெல்ல ஓடவிடுங்கள். துளித்துளியாக நிற்கும் நீரையும் அந்த ஓட்டம் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். துடைக்க வேண்டியது கொஞ்சமே மிஞ்சும். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி வாளிக்கு அதுவே சிறந்தது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் மிகுதி.

அடுத்தது துணி. நம் பக்கத்துச் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். காயத்துக்கு இதமான அத்துணி காருக்கு ஏற்றதன்று. தளர்ந்த நெசவில் மண் உள்ளொடுங்க இடமில்லை. பழைய பனியனின் தையலும், துண்டின் கரையும் கீறும். இதற்கென்றே மைக்ரோஃபைபர் துண்டு கடைகளில் கிடைக்கிறது. ஜப்பானின் டோரே நிறுவனம் 1970இல் மிக நுண்ணிய இழையிலிருந்து மான்தோல் போன்ற துணியை உருவாக்கியது. அந்த வகை நுண்ணிழையே இன்று துடைக்கும் துண்டாகவும் வருகிறது. பூ அடர்ந்த துண்டாகப் பார்த்து வாங்கி, ஓரத்துச் சீட்டைக் கத்தரித்துவிடுங்கள்.

துண்டை விரித்து மேலே படரவிட்டு, அழுத்தாமல் இழுங்கள். அல்லது ஒற்றி எடுங்கள். கூரை, முகப்பு, கதவுகள் என்று மேலிருந்து கீழே வாருங்கள். நான்காக மடித்து, ஈரமானதும் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் வேறு துணி. கீழே விழுந்த துண்டை உதறிவிட்டுத் துடைக்காதீர்கள்; துவைக்கும்வரை அது வண்டிக்கு ஆகாது. பருத்தித் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழையின் நீர் உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும்.

அன்றிரவு முதலாளி அந்த விளக்கைத் தம் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், "நான் அவசரப்படுத்தியதும் தப்புதான் தம்பி" என்றார். பிள்ளையும், "துண்டால் துடைத்தது என் தப்புதான் மாமா" என்றார். சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது. மறுவாரம் இருவரும் சேர்ந்தே கடைக்குப் போய் நல்ல துண்டாக இரண்டு வாங்கி வந்தார்கள்.

வாசகர்களே! கண்ணால் கண்ட வட்டமே அங்கு இல்லாததாயிற்று. வேலைக்காரரையோ, பெற்ற பிள்ளையையோ பொய்யன் என்று சொல்லுமுன் விளக்கை ஒருமுறை நகர்த்திப் பார்ப்போம். காரின் கீறலைப் பாலிஷ் மறைத்துவிடும். அந்தச் சொல் போட்ட கீறலுக்குப் பாலிஷ் எந்தக் கடையிலும் இல்லை.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.